நான் அழித்த இரண்டு கோடுகள்

டோர்ட்மண்டில் நான் வேலை செய்த இடம் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. புத்தகம் போடுகிறவர்களும் அருங்காட்சியகங்களும் பழைய புகைப்படங்களையும் நெகட்டிவ்களையும் அங்கே அனுப்புவார்கள். அவற்றை ஸ்கேன் பண்ணி, திரையில் பெரிதாக்கி, தூசியையும் கீறலையும் ஒவ்வொன்றாக எடுத்து, அச்சுக்குப் போகிற மாதிரிச் சுத்தமாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. நான் அங்கே முதலில் சேர்ந்தது தரை துடைக்க. ஒரு நாள் துடைத்துக்கொண்டு போகும்போது, ஒருவர் முடித்துவிட்டேன் என்று சொல்லித் திரையில் விட்டிருந்த படத்தில் ஒரு தலைமயிர் கிடப்பதைக் காட்டினேன். அது ஸ்கேன் கண்ணாடியில் ஒட்டியிருந்த மயிர். எங்கள் முதலாளி ஒரு பெண். எல்லோரும் அவரைச் செஃபின் என்று அழைப்பார்கள். அவர் அன்று என்னைக் கதிரையில் உட்காரவைத்து வேறு என்ன தெரிகிறது என்று கேட்டார். நான் இன்னும் ஏழோ எட்டோ இடம் காட்டினேன். அடுத்த மாதமே துடைப்பத்தை வேறொருவர் எடுத்தார். எனக்கு ஒரு மேசை கிடைத்தது.

என் வலது கண் அவ்வளவு கூர்மை. இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். கண்ணாடி போட்டாலும் பெரிய எழுத்தைத்தான் வாசிக்கும். வேலை முழுவதும் வலது கண்ணால்தான். இதை நான் செஃபினிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

2007ஆம் ஆண்டு வசந்தத்தில் என் மேசைக்கு ஒரு பெரிய படப் புத்தகம் வந்தது. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்கிற ஆட்டத்தின் பேர்போன புகைப்படங்கள். நாங்கள் அறிந்த பந்தாட்டம் இல்லை அது. தலைக்கவசமும் தோளில் பலகை மாதிரிக் காப்பும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் வந்து மோதி விழுத்துவார்கள். அந்த நாட்களில் ஜெர்மனியின் சில நகரங்களிலும் அமெரிக்கர்கள் சம்பளம் கொடுத்து அணிகள் நடத்தினார்கள். எங்களுக்குப் பக்கத்து நகரத்திலும் ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் ரயிலில் அந்த அணியின் சட்டையோடு ஆட்கள் நிறைந்திருப்பார்கள். அவர்களை நம்பித்தான் ஒரு பதிப்பகம் அந்தப் புத்தகத்தைப் போட நினைத்தது.

படங்களை ஒழுங்குபடுத்தியவர் ஓர் அமெரிக்கர். இங்கே படையில் இருந்து, ஓய்வு பெற்று, ஜெர்மன் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். வியாழக்கிழமைதோறும் வந்து நாங்கள் முடித்த மாதிரி அச்சுகளைப் பார்ப்பார். உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை வைத்திருந்தார். பனியில் உறைந்துபோன மைதானத்தில் ஆட்களின் வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு கிளம்பும் படம். மைதானத்தின் கடைசிக் கோட்டில் எம்பிக் குதித்து விரல் நுனியில் பந்தைத் தொடுகிறவரின் படம். முழங்கால் முதல் கழுத்துவரை சேறு அப்பிய இருவர், ஒருவர் குள்ளம், ஒருவர் மலை போல, தோளோடு தோளாக நடந்து வருகிற படம். இவர்கள் இருவரும் எதிர் எதிர் அணி என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரே வயலில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள்.

எனக்கு அந்த ஆட்டம் விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இல்லை. ஆனால் அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் அகதி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது டுல்டுங். அது விசா இல்லை. இப்போதைக்கு உங்களைத் திருப்பி அனுப்பவில்லை என்று சொல்கிற ஒரு தாள். சில மாதங்களுக்கு ஒருமுறை போய் நீட்டிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நானும் கணவரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, மகளின் பள்ளி அறிக்கையையும் கையில் எடுத்துக்கொண்டு போவோம், ஒருவேளை அதைப் பார்த்து இரக்கப்படுவார்கள் என்று. மகளுக்குப் பத்து வயது. பிறந்தது இங்கேதான்.

முந்தைய ஆண்டு முடிவில் ஒரு புதிய விதி வந்திருந்தது. பல வருடமாக டுல்டுங்கில் இருப்பவர்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, பெற்றோருக்கு ஒழுங்கான வேலை இருக்கிறது என்று காட்டினால், சரியான விசா கிடைக்கலாம். கணவர் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தார். ஆனால் அவர்கள் அவருக்கு மணித்தியாலம் கூட்டிக் கொடுக்கவில்லை. என் வேலை ஒப்பந்தம்தான் எங்கள் கையில் இருந்த பலமான தாள். அது ஆகஸ்ட் முடிவு வரைக்கும். இந்தப் புத்தகம் முடியட்டும், அதற்குப் பிறகு நிரந்தரமாக்குவதைப் பார்க்கலாம் என்று செஃபின் சொல்லியிருந்தார். வெளிநாட்டவர் விசாவைப் பார்க்கிற அவுஸ்லெண்டர் அலுவலகத்தில் எங்களுக்கு டெர்மின், அவர்கள் நேரில் வரச் சொல்லிக் குறித்த நாள், மே மாத முடிவில்.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை, பனி மைதானத்துப் படத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வானத்தில் ஒரு கரும்புள்ளி. தூசி என்று நினைத்து அதன் மேல் அழிக்கிற கருவியை வைத்து அழுத்தினேன். புள்ளி போகவில்லை. மறுபடி அழுத்தினேன். புள்ளி கொஞ்சம் தள்ளி நின்றது. அதைப் பின்தொடர்ந்து போய் அழித்தேன், இன்னும் தள்ளிப் போனது. திரையைத் துணியால் துடைத்தேன். பிறகு சுவரைப் பார்த்தேன். வெள்ளைச் சுவரிலும் அது இருந்தது. ஒன்றில்லை, மிளகுத்தூள் கொட்டிய மாதிரி ஒரு கூட்டம். நான் கண்ணை அசைத்த பக்கமெல்லாம் ஒரு நொடி பிந்தி மிதந்து வந்தது, ஓரத்தில் மின்னல் வெட்டியது.

கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். 

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக் கடையில் கேட்டேன். எனக்கென்று சொல்லாமல், தெரிந்த ஒருவருக்கு என்று சொன்னேன். கண்ணுக்குள் பூச்சி பறக்கிறதாம், ஓரத்தில் மின்னல் வெட்டுகிறதாம். அந்தப் பெண் உடனே சொன்னாள், அவர் இன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும், நாளைக்கு இல்லை, இன்றைக்கு. நான் நன்றி சொல்லி, கண்ணுக்கு விடுகிற சாதாரணத் துளிமருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஏன் வைத்தியரிடம் போகவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அப்போது எனக்கு அது கணக்காகத் தெரிந்தது. வைத்தியரிடம் போனால் மருத்துவ விடுப்பு எழுதுவார். விடுப்பு எழுதினால் செஃபினுக்குக் கண் பற்றித் தெரியும். கண்ணால் வேலை செய்கிறவளுக்குக் கண் பழுது என்றால் யார் வைத்திருப்பார்? ஒப்பந்தம் போனால் டெர்மினில் எதைக் காட்டுவது? ஐந்து கிழமை, ஐந்தே கிழமை தாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

முதல் இரண்டு கிழமை சமாளித்தேன். எந்தப் புள்ளி படத்தில் இருக்கிறது, எது என் கண்ணில் இருக்கிறது என்று அறிய ஒரு வழி கண்டுபிடித்தேன். தலையை ஆட்டுவேன். ஆடுகிற புள்ளி என்னுடையது. ஆடாத புள்ளி படத்தினுடையது. பக்கத்து மேசைக்காரி, கழுத்து வலிக்கிறதா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன், தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள்.

மூன்றாவது கிழமை தொடக்கத்தில் நிழல் வந்தது. வலது கண்ணின் கீழ் ஓரத்தில், கறுப்புமில்லை சாம்பலுமில்லை, கலங்கிய தண்ணீர் மாதிரி. காலையில் ஓரத்தில் இருந்தது, பின்னேரம் கொஞ்சம் ஏறியிருந்தது. படிகளில் இறங்கும்போது கால் வைக்கிற இடம் தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வீட்டில் தேநீர் ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். மகள் துணி எடுத்து வந்து துடைத்தாள். அன்றிலிருந்து தேநீரை அவளே ஊற்றத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தேன். கடவுளிடம் நான் கேட்டது கண்ணைக் குணமாக்கு என்று இல்லை. மே முடிவுவரை நிழலை அந்த இடத்தில் நிறுத்தி வை என்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு எடுத்துக்கொள் என்று சொன்னேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மைதானத்துக் கோடுகள் வளையத் தொடங்கின. அந்த ஆட்ட மைதானத்தில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் வரிவரியாகப் போகும். அவை நேரானவை என்று எனக்குத் தெரியும். ஆனால் திரையில் அவை நடுவில் புடைத்து, காற்றில் ஆடும் நூல் மாதிரித் தெரிந்தன. அடிமட்டத்தை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தேன். அடிமட்டமும் வளைந்திருந்தது.

அந்தச் செவ்வாயும் புதனும் நான் செய்த படம், தலைக்கவசம் இல்லாமல் முழங்காலில் இருக்கிற ஒருவரின் படம். கறுப்பு வெள்ளை. வழுக்கைத் தலை. வயதானவர் போலிருந்தார், ஆனால் விளையாட்டுக்காரர்தான். யாரோ மோதி விழுத்தியிருக்கிறார்கள். எழுந்திருக்க முடியாமல் புல்லில் முழங்காலிட்டு, கைகளைத் தொடையில் போட்டுக்கொண்டு, முன்னால் எதையோ பார்த்தபடி இருக்கிறார். பந்து இல்லை, ஓட்டமில்லை, பக்கத்தில் யாருமில்லை.

எங்களுக்கு வந்த பிரதியில் கீறல்கள் அதிகம். மேலிருந்து கீழே மழை பெய்த மாதிரி. அவற்றை எடுக்கும்போது படத்தை மிகவும் பெரிதாக்கித்தான் வேலை செய்ய வேண்டும். அப்போது முகம் முகமாகத் தெரியாது, சாம்பல் நிறப் புள்ளிகள்தான் தெரியும். வழுக்கைத் தலையிலிருந்து முகத்தில் இறங்குகிற இரண்டு கருங்கோடுகள் என் திரையில் வந்தன. மற்றக் கீறல்களைப் போல அவையும் மேலிருந்து கீழே போயின. என் கண்ணில் எல்லாமே நெளிந்ததால் எது நேர், எது நெளிவு என்று எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிப் பார்த்தேன். கோடுகள் ஆடவில்லை. அப்படியென்றால் படத்தினுடையவை, அழிக்க வேண்டியவை. பக்கத்துத் தோலிலிருந்து நிறம் எடுத்து, பொறுமையாக, துளித் துளியாக இரண்டையும் அழித்தேன். நல்ல வேலை. அந்த நிலையிலும் கை நடுங்காமல் செய்தேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு படத்தைச் சிறிதாக்கி முழுவதும் பார்த்தேன். துப்புரவான முகத்தோடு அந்த மனிதர் முழங்காலில் இருந்தார். களைத்துப்போனவர் மாதிரி, கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு எழும்பப் போகிறவர் மாதிரி. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை அமெரிக்கர் வந்தார். நீண்ட மேசையில் மாதிரி அச்சுகளை விரித்து வைத்திருந்தோம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, அந்தப் படத்தின் முன் நின்றார். வழக்கமாகக் கதை சொல்லத் தொடங்குவார்.  அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு அவர் கேட்டது இவ்வளவுதான்:

“இரத்தம் எங்கே?”

செஃபின் வந்து பார்த்தார். என்ன இரத்தம் என்றார். அவருக்கும் அந்த ஆட்டம் தெரியாது. அமெரிக்கர் விரலால் காட்டினார். இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு, இரண்டு கோடாக இரத்தம் வழிந்திருக்கும், அதுதான் இந்தப் படம், அந்த ஆட்டத்தை நேசிக்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள் என்றார். கோபப்படவில்லை. திகைத்துப் போயிருந்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொய் சொன்னேன். வந்த பிரதியில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்றேன். செஃபின் என் மேசைக்குப் போய், முதலில் ஸ்கேன் பண்ணிய படத்தைத் திறந்து, நான் முடித்த படத்தைப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தன. நிழலுக்கு மேலால் பார்க்க முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நாடியை நெஞ்சில் குத்தி, கோழி பார்ப்பது மாதிரிப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் என் தலை சரியாகப் பொறியில் அகப்பட்டது.

அமெரிக்கர் என் பக்கத்தில் குனிந்து, இடது கண்ணைக் கையால் மூடுங்கள் என்றார். மூடினேன். எத்தனை விரல் காட்டுகிறேன் என்று கேட்டார்.

எனக்கு அவருடைய கையே தெரியவில்லை. அவருடைய தலைமுடியும், அதற்கு மேலே கூரை விளக்கும் தெரிந்தன. கீழே எல்லாம் கலங்கல்.

“மூன்று,” என்றேன்.

அவர் கையை இறக்கிவிட்டு, நான் கையே காட்டவில்லை என்றார், மிக மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி.

அதற்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. செஃபினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிகள், மின்னல், மூன்று கிழமை, விசா, டெர்மின், எல்லாம். ஜெர்மன் சொற்கள் வாயில் வரவில்லை, பாதி தமிழில் சொன்னேன். அவர் முகம் சிவந்து வெளுத்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டபோது, அவருக்கே விடை தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவர் என் கையைப் பிடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. என் மேலங்கியை எடுத்து வந்து தந்தார்.

அமெரிக்கர் தன் காரிலேயே என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் அந்தப் படத்தில் இருந்தவர் பற்றிக் கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. அவர் நல்ல ஆட்டக்காரர், அந்தப் பருவத்தோடு விட்டுவிட்டார் என்றார். படம் எடுத்தவரின் பத்திரிகை முதலில் அதைப் போட மறுத்ததாம், அதில் ஆட்டமே இல்லை என்று. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிவப்பு விளக்கில் நின்றபடி, அந்த இரத்தத்தைத் திரும்பவும் கொண்டுவரலாம், அது அரை மணி நேர வேலை என்றார். 

வைத்தியர் இளம் பெண். எப்போதிலிருந்து என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன். அந்தப் பொய் எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை, பழக்கமாகிவிட்டது போல. அவர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நீண்ட நேரம் பார்த்துவிட்டு, உண்மையைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். விழித்திரை கிழிந்து, சுவரிலிருந்து உரிகிற கடதாசி மாதிரிக் கழன்றுகொண்டு வருகிறது, நடுப்பகுதியும் தூக்கிவிட்டது என்று விளக்கினார். முதல் நாள் வந்திருந்தால் லேசரால் சுற்றி ஒட்டி, பின்னேரமே வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவர் சொன்னார்.

கணவர் சமையலறை உடுப்போடு வந்தார். வெங்காய மணம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை.

“மூண்டு கிழமை எண்டு டொக்டர் சொல்லுறா. உண்மையே?”

“ஓம்.”

“என்னட்டையாவது சொல்லியிருக்கலாமெல்லோ.”

“சொன்னா நீங்கள் என்னை வேலைக்குப் போக விட்டிருக்க மாட்டியள்.”

அவர் யோசித்தார். “விட்டிருக்க மாட்டன்தான்,” என்றார். பிறகு உட்கார்ந்தார். “விசா இல்லாமல் பத்து வருசம் இருந்தனாங்கள். இன்னும் பத்து வருசம் இருந்திருப்பம். உமக்கு அந்தக் கண் திரும்ப வருமே?”

 அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தாதி வந்து போகச் சொல்லும்வரை அப்படியே இருந்தார்.

மறுநாள் காலை அறுவை செய்தார்கள். விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டார்கள். அந்தக் குமிழ் சரியான இடத்தில் நிற்க வேண்டுமென்றால் ஒரு கிழமை முகத்தைக் கீழே கவிழ்த்துக்கொண்டு இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், கழிப்பறைக்குப் போகும்போதும், தூங்கும்போதும். வீட்டில் கணவர் இரண்டு கதிரைக்குக் குறுக்கே தலையணை வைத்து, நடுவில் முகத்துக்கு இடம் விட்டுக் கட்டித் தந்தார். நான் தரை விரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அந்தக் கதிரைகளுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொள்வாள். அப்போது எனக்கு அவளுடைய முகம் தெரியும், மங்கலாக, மங்கல் கண்ணால். அன்றைக்கு வகுப்பில் நடந்ததைச் சொல்வாள். ஒரு நாள், அம்மா, உங்கட கண்ணீர் எனக்கு மேல விழுது என்றாள். துடைக்கக் கையைத் தூக்கினேன். பரவாயில்லை என்றாள்.

அந்த ஏழு நாளில் நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். நான் கடவுளிடம் கேட்ட பேரம். அவர் என் நிழலை மே முடிவுவரை நிறுத்தி வைக்கவில்லை. ஆனால் பேரத்தில் நான் வைத்ததை எடுத்துக்கொண்டுவிட்டார். இனி டெர்மினும் போய்விடும் என்று உறுதியாக நம்பினேன். கவிழ்ந்து கிடந்தபடியே, எங்களைத் திருப்பி அனுப்பினால் எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கினேன். மகளின் புத்தகங்களை வைக்க இடம் வரவில்லை. மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்கினேன். ஒரு நாளில் பத்துத் தரம் அப்படி அடுக்கியிருப்பேன்.

டெர்மின் நாளன்று குமிழ் பாதியாகக் குறைந்திருந்தது. வலது கண்ணின் நடுவில் ஒரு தண்ணீர் மட்டம் ஆடிக்கொண்டிருந்தது, கப்பலின் வட்ட ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பது மாதிரி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். அலுவலர் நடுவயதுக்காரர். ஆன்ட்ராக் என்கிற எங்கள் விண்ணப்பத்தைப் புரட்டினார். ஒப்பந்தத்தை எடுத்தார். அதற்குப் பின்னால் மருத்துவ விடுப்புக் கடிதம் இருந்தது. அதை எடுத்து வைக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். கணவர் கேட்கவில்லை. இனி ஒன்றையும் ஒளிக்க வேண்டாம் என்றார்.

அலுவலர் கடிதத்தை வாசித்துவிட்டு என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆகஸ்ட் முடிவுவரை என்றேன். வேலைக்குத் திரும்பிப் போவீர்களா என்று கேட்டார்.  கணவர் என்னைப் பார்த்தார். நான், “தெரியாது,” என்று சொன்னேன். பத்து வருடத்தில் அந்த அறையில் நான் சொன்ன முதலாவது முழு உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அவர் பேனாவால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போனார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.  திரும்பி வந்தவர், இன்றைய தேதியில் வேலை இருக்கிறது, விதி அதைத்தான் கேட்கிறது என்றார். இரண்டு வருடத்துக்கு விசா தந்தார். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைக் கணவர் விரலால் காட்டினார். நான் அந்த விரலைத் தடவிப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் போட்டேன்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். மூன்று பேருந்து வந்து போயிற்று. நாங்கள் ஏறவில்லை. சந்தோசப்பட வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். கணவர் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒரு கட்டத்தில், “உம்மட கண்ணைக் குடுத்து வாங்கின தாள் இது,” என்றார். அதை மடித்து என் கைப்பைக்குள் வைத்தார்.

ஜூன் முடிவில், அந்த அணிகள் ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருந்த லீக்கை அமெரிக்கர்கள் மூடிவிட்டார்கள். எங்களுக்குப் பக்கத்து நகரத்து அணியும் போயிற்று. பதிப்பகம், இனி அந்தப் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று வேலையை நிறுத்தியது. அது வெளிவரவேயில்லை. நான் எந்தப் புத்தகத்துக்காகக் கண்ணை மறைத்தேனோ, அந்தப் புத்தகம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. இதைச் செஃபின்தான் தொலைபேசியில் சொன்னார். ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது என்பதையும் அதே அழைப்பில் சொன்னார். வேலை குறைந்துவிட்டது என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, அது மட்டும் காரணமில்லை என்றார். நீங்கள் பொய் சொன்ன அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை, மன்னியுங்கள் என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. என் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். அதில் என் கோப்பை உடையாமல் கடதாசியில் சுற்றி இருந்தது.

வாயு முழுவதும் கரைந்த பிறகு வைத்தியர் சோதித்தார். ஓரங்கள் தெரிகின்றன, நடுவில் இல்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அதுதான் தெரியாது. கணவரைப் பார்த்தால் அவருடைய காதும் தோளும் தெரியும், முகம் தெரியாது. முகத்தை இடது கண்ணால், கிட்டப்போய்ப் பார்ப்பேன். வைத்தியர், இதற்கு மேல் வராது என்றார். நான் அழவில்லை. கவிழ்ந்து கிடந்த கிழமையில் எல்லாம் முடிந்திருந்தது.

அந்தக் கோடையும் இலையுதிர்காலமும் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. கணவர் வேலைக்குப் போனதும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றிப் பழகுவேன். ஒரு கண் மங்கல், ஒரு கண்ணில் நடு இல்லை என்றால் எது கிட்ட, எது தூர என்று தெரியாது. விரலைக் கோப்பைக்குள் விட்டு, விரல் நனையும்போது நிறுத்தப் பழகினேன். கத்தியைக் கணவர் அலுமாரி மேல் எடுத்து வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கதிரை போட்டு ஏறி அதை எடுத்து, மரக்கறி வெட்டி, பின்னேரம் அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் சாப்பிட்டார். துண்டுகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. 

விசாவில் வேலை செய்யலாம் என்று எழுதியிருந்தது. எதிலாவது வேலை செய்யத்தான் வேண்டும். அடுத்த முறை நீட்டிக்கும்போதும் அதைக் கேட்பார்கள். எழுத்து வாசிக்கிற வேலையெல்லாம் தள்ளுபடி. பல இடத்தில் கேட்டோம். கடைசியில் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவைக் கூடத்தில் ஆள் தேடுவதாகக் கணவர் கேள்விப்பட்டார். அங்கே இருந்த பொறுப்பாளர் அம்மா பெருத்த உடம்புக்காரி, நீராவிக்குள் நின்று கத்திப் பேசுவார். எனக்குக் கண் இப்படி என்று வாசலிலேயே சொன்னேன். எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பெரிய கட்டில் விரிப்பை இழுத்து என் கையில் போட்டு, இதை மடியுங்கள் பார்ப்போம் என்றார்.

விரிப்பு இன்னும் சூடாக இருந்தது. தையல் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு மூலையைப் பிடித்தேன். அங்கிருந்து மற்ற மூலைக்குப் போனேன். இரண்டையும் சேர்த்து, உதறி, நெஞ்சில் வைத்து மடித்து, மேசையில் வைத்தேன். அவர் மேலே கையை வைத்துத் தடவிப் பார்த்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்.